மோட்டார் பந்தயம் படமெடுக்க முதல் கேமரா, முதல் லென்ஸ்: எதை எந்த வரிசையில் வாங்குவது

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் முதல் படியிலேயே சறுக்குகிறார்கள். நல்ல பாடியாக (லென்ஸ் இல்லாத வெறும் கேமரா) பார்த்து வாங்கிவிட்டு, மிச்சப் பணத்துக்கு அகப்பட்ட லென்ஸை மாட்டிக்கொண்டு ட்ராக்குக்குப் போகிறார்கள். அங்கே கார் கட்டைவிரல் நகம் அளவுக்குத் தெரிகிறது. வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தால் படம் மாவு மாதிரிக் கரைந்துபோகிறது.

வரிசையைத் திருப்பிப் போடுங்கள். முதலில் நிற்கப்போகும் இடத்தின் தூரம், அதிலிருந்து லென்ஸ், அந்த லென்ஸுக்கு ஏற்ற பாடி, பாடியின் வேகத்துக்கு ஏற்ற மெமரி கார்டு. இந்த ஒழுங்கில் போனால் எதையும் இரண்டு முறை வாங்க வேண்டி வராது.

1. கடைக்குப் போகுமுன் சேகரிக்க வேண்டிய விவரங்கள்

முதலாவது, தூரம். ட்ராக்கின் செயற்கைக்கோள் வரைபடத்தை இணையத்தில் திறந்து, பார்வையாளர் நிற்கும் இடத்திலிருந்து வண்டி போகும் கோடு வரை அளவுகோல் வசதியால் அளந்து பாருங்கள். 'கிட்டத்தட்ட அம்பது மீட்டர் இருக்கும்' என்ற கண்மதிப்பு பாதிக்குப் பாதி தப்பும். இரண்டு மூன்று வளைவுகளுக்கு அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, எந்த வண்டி. பந்தய பைக் ஏறக்குறைய 2 மீட்டர் நீளம். சாதாரணக் காரிலிருந்து உருவான பந்தயக் கார் 4.5 மீட்டருக்கு அக்கம்பக்கம். ஃபார்முலா 1 கார் 5 மீட்டரையும் தாண்டும். லென்ஸ் கணக்கையே மாற்றிவிடும் வித்தியாசம் இது.

மூன்றாவது, விதிகள். சில இடங்களில் பார்வையாளர்கள் குறிப்பிட்ட நீளத்துக்கு மேல் லென்ஸ் கொண்டுவரத் தடை உண்டு. ட்ரைபாட் பல இடங்களில் கூடாது. டிக்கெட்டோடு வரும் நிபந்தனைகளில் இது இருக்கும். வாங்கிய பிறகு வாசிக்கிற விஷயமில்லை.

வேலி இருக்கிறதா, பந்தயம் பகலா இரவா என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் பின்னால் தேவைப்படும்.

2. ஃபோகல் லென்த்தைக் கணக்குப் போட்டு முடிவு செய்வது

ஃபோகல் லென்த் என்பது லென்ஸ் தூரத்துப் பொருளை எவ்வளவு பெரிதாக இழுத்துக் காட்டும் என்பதைச் சொல்லும் மிமீ எண். சூத்திரம் எளிது: சென்சாரின் (படம் பதியும் சில்லு) அகலத்தைத் தூரத்தால் பெருக்கி, ஃப்ரேமுக்குள் வரவேண்டிய அகலத்தால் வகுத்தால் தேவையான ஃபோகல் லென்த் வரும். ஃபுல் ஃப்ரேம் என்ற பெரிய சென்சாரின் அகலம் 36 மிமீ. க்ராப் என்ற சிறிய சென்சார் சுமார் 23.5 மிமீ, கேனான் க்ராப் சற்றுக் குறைவு, 22.3 மிமீ.

வண்டி ஃப்ரேமின் அகலத்தில் அறுபது சதவீதத்தை நிறைத்தால் போதும். ஆரம்பத்தில் அதைவிட இறுக்கமாக எடுக்கப் பார்க்காதீர்கள். கை பழகும்வரை வண்டியின் மூக்கோ வாலோ வெட்டுப்பட்டுக்கொண்டே இருக்கும். சுற்றிலும் இடம் விட்டு எடுத்துப் பிறகு வெட்டிக்கொள்ளலாம். வெட்டுப்பட்ட மூக்கை ஒட்ட முடியாது.

4.5 மீட்டர் கார் அறுபது சதவீதம் நிறைய வேண்டுமானால் ஃப்ரேமுக்குள் 7.5 மீட்டர் வர வேண்டும். 60 மீட்டர் தூரத்துக்கு ஃபுல் ஃப்ரேமில் 36 × 60 ÷ 7.5, அதாவது 288 மிமீ. க்ராப் சென்சாரில் அதே படத்துக்கு 188 மிமீ போதும். 100 மீட்டர் என்றால் ஃபுல் ஃப்ரேமுக்கு 480, க்ராப்புக்கு 313.

இனி பைக்கைப் பாருங்கள். 2.1 மீட்டர் பைக்குக்கு ஃப்ரேமில் 3.5 மீட்டர் போதும். அதே 60 மீட்டரில் க்ராப் சென்சாருக்கே 403 மிமீ, ஃபுல் ஃப்ரேமுக்கு 617. காருக்குப் போதுமான லென்ஸ் பைக்குக்குப் பாதிதான் எட்டும். இதைத் தெரியாமல் 70-300 மிமீ லென்ஸ் வாங்கிவிட்டு பைக் பந்தயத்துக்குப் போய் ஏமாறுபவர்கள் நிறையப் பேர்.

இந்தக் கணக்கு இன்னொன்றையும் சொல்கிறது. தொடங்குபவருக்கு க்ராப் சென்சார் குறையல்ல, கைகொடுக்கும் பொருள். அதே எட்டுதலுக்குச் சின்ன லென்ஸ் போதும். சுமையும் செலவும் குறையும்.

ரேலி வேறு கதை. அங்கே வண்டி சில சமயம் 15, 20 மீட்டரில் கடந்து போகும். 70-200 ஒன்றும், சுற்றுப்புறத்தைச் சேர்த்துக் காட்ட 24-70 போன்ற ஒன்றும் போதும். 600 மிமீ பையிலேயே கிடக்கும்.

3. லென்ஸ்: பணத்தின் பெரும்பங்கு இங்கே

ஜூம் லென்ஸ்தான் வாங்க வேண்டும். வண்டி நூறு மீட்டருக்கு அப்பால் தொடங்கி முப்பது மீட்டருக்குள் வந்து மறைகிறது. ஒரே ஃபோகல் லென்த் உள்ள பிரைம் லென்ஸில் அந்த ஓட்டத்தில் ஒரு நொடிதான் பயன்படும். காருக்கு க்ராப் பாடியோடு 70-300 அல்லது 100-400, பைக்குக்கு 150-600 அல்லது 200-600. இவற்றில் ஒன்றில்தான் உங்கள் கணக்கு வந்து நிற்கும்.

ஃபோகஸ் மோட்டாரை முதலில் பாருங்கள். ஒரே 70-300 என்ற பெயரில் மெதுவான சாதாரண மோட்டார் உள்ளதும் இருக்கும், அல்ட்ராசோனிக் அல்லது லீனியர் மோட்டார் உள்ளதும் இருக்கும். முதல் வகை பூவையும் கட்டடத்தையும் நன்றாக எடுக்கும். எதிரே வரும் கார் அதன் ஃபோகஸை முந்திக்கொண்டு வந்துவிடும்.

எஃப் எண் சிறிதானால் லென்ஸின் திறப்பு (அபர்ச்சர்) பெரிது, உள்ளே வரும் ஒளி அதிகம். எஃப் 2.8 தேவையா? பகல் பந்தயத்துக்குத் தேவையில்லை. வெயிலில் எஃப் 5.6, எஃப் 6.3 தாராளம், ஒளி மிஞ்சிப்போவதுதான் அங்கே சிக்கல். இரவுப் பந்தயத்தில் நிலைமை தலைகீழ். எஃப் 6.3-இல் ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 6400 கேட்கும் இடத்தில் எஃப் 2.8-க்கு 1250 போதும். இரவில் மட்டும்தான் எடுக்கப்போகிறீர்கள் என்றால் எட்டுதலைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து 70-200 எஃப் 2.8 பக்கம் போவது சரி.

எடையைக் காகிதத்தில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சிக்மா 150-600 கன்டெம்பரரி ஏறக்குறைய 1.9 கிலோ, சோனி 200-600 ஏறக்குறைய 2.1 கிலோ, சிக்மா 150-600 ஸ்போர்ட் டிஎஸ்எல்ஆர் (உள்ளே கண்ணாடி வைத்த கேமரா வகை) வடிவம் 2.8 கிலோவுக்கும் மேல். கேனான் ஆர்எஃப் 100-400 சுமார் 635 கிராம்தான். ஆனால் 400 மிமீ முனையில் எஃப் 8, வெளிச்சம் குறைந்தால் திணறும். கடையில் லென்ஸை பாடியோடு கண்ணருகே ஐந்து நிமிடம் பிடித்துப் பாருங்கள். கை நடுங்கத் தொடங்கினால், நாள் முழுக்க வெயிலில் அதைத் தூக்கிக்கொண்டு நிற்பதை எண்ணிப் பாருங்கள்.

லென்ஸின் பக்கவாட்டில் இரண்டு சுவிட்சுகளைத் தேடுங்கள். ஒன்று ஸ்டெபிலைசருக்கான (கை நடுக்கத்தைச் சமன்செய்யும் அமைப்பு) மோட் 2. வண்டியோடு சேர்த்துக் கேமராவைத் திருப்பியபடி எடுப்பதுதான் பேனிங். சாதாரண மோட் 1 அந்தத் திருப்பலையே நடுக்கம் என்று எண்ணி எதிர்த்து இழுக்கும். மோட் 2 மேல்-கீழ் நடுக்கத்தை மட்டும் சரிசெய்யும். சில லென்ஸ்கள் திருப்புவதைத் தாமாகவே கண்டுகொள்ளும். நிக்கானில் ஸ்போர்ட் மோட் என்று இருக்கும்.

மற்றொன்று ஃபோகஸ் லிமிட்டர். பத்து மீட்டருக்குள் ஃபோகஸ் தேடாதே என்று கட்டுப்படுத்தும் சுவிட்ச் இது. வேலி இருக்கும் ட்ராக்கில் அருமை தெரியும். இது இல்லாவிட்டால் ஃபோகஸ் ஒரு தடவை கம்பியில் ஒட்டி, மீண்டு வருவதற்குள் மூன்று கார்கள் போய்விடும்.

லென்ஸுக்கும் பாடிக்கும் நடுவில் மாட்டி எட்டுதலைக் கூட்டும் டெலிகன்வர்ட்டரை முதல் வருடம் தள்ளி வையுங்கள். 1.4 மடங்கு ஒன்று ஒரு ஸ்டாப் (ஒளி பாதியாகும் ஒரு படி) ஒளியையும், 2 மடங்கு இரண்டு ஸ்டாப்பையும் தின்றுவிடும். எஃப் 5.6 லென்ஸ் 1.4-ஐ மாட்டினால் எஃப் 8 ஆகிறது. பல டிஎஸ்எல்ஆர்களில் அந்த அளவில் ஆட்டோஃபோகஸ் வேலை செய்யாது, அல்லது நடுப்புள்ளியில் மட்டும் செய்யும். தவிர, நண்பகல் தார்ச்சாலையில் எழும் கானல் எட்டுதல் கூடக்கூட அதிகமாகத் தெரியும். அதை எந்த லென்ஸாலும் துடைக்க முடியாது. கிட்டே போவது ஒன்றே வழி.

4. பாடி: எதைப் பார்க்க வேண்டும், எதை விட்டுவிடலாம்

மெகாபிக்ஸலை விட்டுவிடுங்கள். 20 முதல் 24 போதும். கவனிக்க வேண்டியது தொடர் ஃபோகஸ், அதாவது நகரும் வண்டியை விடாமல் பின்தொடரும் ஃபோகஸ்.

ஏன் என்பதற்கு ஒரு கணக்கு. மணிக்கு 180 கிமீ என்றால் நொடிக்கு 50 மீட்டர். நொடிக்கு 10 படம் எடுக்கும் பாடியில் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் கார் 5 மீட்டர் நெருங்கிவிடுகிறது. ஃபுல் ஃப்ரேமில் 400 மிமீ, எஃப் 5.6, 50 மீட்டர் தூரத்தில் கூர்மையாக விழும் ஆழம் மொத்தமே 5 மீட்டர் சொச்சம்தான். ஒவ்வொரு படத்துக்கும் ஃபோகஸ் புதிதாக நகர வேண்டும். நொடிக்கு இருபது படம் எடுத்து அதில் மூன்று கூர்மையாக வரும் பாடியைவிட, எட்டுப் படம் எடுத்து ஆறு கூர்மையாகத் தரும் பாடி மேல்.

அண்மைக்கால மிரர்லெஸ் (கண்ணாடி இல்லாத) பாடிகள் பலவற்றில் வண்டிகளை அடையாளம் காணும் வசதி உண்டு. தொடங்குபவருக்கு உண்மையிலேயே பெரிய துணை. ஆனால் இது இல்லாத பழைய டிஎஸ்எல்ஆர் உதவாது என்பதல்ல. நடுத்தர வகுப்பு டிஎஸ்எல்ஆரில் நடுப்புள்ளியையும் அதைச் சுற்றிய சில புள்ளிகளையும் வைத்துக்கொண்டு எடுத்தால் நன்றாகவே பிடிக்கும்.

எலெக்ட்ரானிக் ஷட்டர் (திரை நகராமல் சென்சாரை வாசித்தே படமெடுப்பது) விஷயத்தில் ஏமாந்துவிடாதீர்கள். பெட்டியில் எழுதியிருக்கும் 'நொடிக்கு 30 படம்' பெரும்பாலும் இந்த ஷட்டருக்கான எண். சாதாரண சென்சார் முழுப் படத்தையும் மேலிருந்து கீழாக வாசித்து முடிக்க 1/20 முதல் 1/60 நொடி வரை எடுத்துக்கொள்ளும். அதற்குள் கார் நகர்ந்துவிடுவதால் சக்கரம் சாய்ந்த முட்டை வடிவில் வரும். பேனிங்கில் பின்னாலிருக்கும் கம்பங்கள் சரிந்து நிற்கும். நிக்கான் இசட்8, இசட்9 போன்ற ஸ்டாக்டு சென்சார் பாடிகள் வெகுவேகமாக வாசிப்பதால் இந்தக் கோளாறு கண்ணில் படாது. மற்றவற்றில் மெக்கானிக்கல் ஷட்டர் வேகத்தை மட்டும் கணக்கில் எடுங்கள். நொடிக்கு 7 முதல் 10 போதும்.

வியூஃபைண்டரையும் கடையிலேயே சோதியுங்கள். பல மிரர்லெஸ் பாடிகளில் உச்ச வேகத்தில் சுடும்போது வியூஃபைண்டரில் தெரிவது நேரடிக் காட்சியல்ல, சற்றுமுன் எடுத்த படம். அதை நம்பித் திருப்பினால் வண்டி ஃப்ரேமைவிட்டு ஓடிவிடும். ஒரு படி குறைந்த வேகத்தில் நேரடிக் காட்சி கிடைக்கிறதா பாருங்கள்; அதுதான் நீங்கள் நிஜமாகப் பயன்படுத்தப்போகும் வேகம்.

5. மெமரி கார்டு

24 மெகாபிக்ஸல் ரா ஃபைல் (பதப்படுத்தாத மூலப்படம்) ஒன்று ஏறக்குறைய 25 முதல் 30 எம்பி. நொடிக்கு 10 என்றால் 250 முதல் 300 எம்பி கொட்டுகிறது. யுஎச்எஸ்-1 என்ற வகைக் கார்டின் உச்சவரம்பே நொடிக்கு 104 எம்பி. ஆகவே படங்கள் முதலில் பாடியின் பஃபரில் (தற்காலிக நினைவகம்) குவியும். அது நிறைந்தால் கேமரா முடங்கும். 30 ரா படங்கள் காலியாக யுஎச்எஸ்-1 கார்டில் பத்து நொடிபோல ஆகும். முன்னணி வண்டியைச் சுட்டு முடித்தபோது பின்னால் வரும் கூட்டத்தை எடுக்க முடியாமல் நிற்பது இதனால்தான்.

பாடி யுஎச்எஸ்-2 ஏற்கும் என்றால் வி60 அல்லது வி90 கார்டு வாங்குங்கள். அந்த எண் நொடிக்குக் குறைந்தபட்சம் எத்தனை எம்பி எழுதும் என்பதைச் சொல்கிறது. பாடியில் யுஎச்எஸ்-1 மட்டும் என்றால் யுஎச்எஸ்-2 கார்டால் கேமராவுக்குள் எந்தப் பயனும் இல்லை. அந்தப் பணத்துக்கு இன்னொரு வி30 கார்டு வாங்கலாம். பஃபர் சின்னதாக இருந்தால் ஜேபெக்கில் எடுப்பதில் தவறே இல்லை.

அட்டையில் பெரிய எழுத்தில் இருப்பது வாசிக்கும் வேகம். உங்களுக்கு வேண்டியது எழுதும் வேகம்.

6. துணைப்பொருள்கள்

இரண்டு கிலோ லென்ஸுக்கு மோனோபாட் (ஒற்றைக்கால் தாங்கி) தேவை. லென்ஸின் காலர் (லென்ஸைச் சுற்றிய தாங்கு வளையம்) அடியில் மாட்டுங்கள், பாடியின் அடியில் அல்ல. முன்பாரம் பாடியின் மவுன்டை இழுத்துவிடும். ஒரு கிலோவுக்குக் குறைந்த லென்ஸை வெறுங்கையில் வைத்துத் திருப்புவது இன்னும் சரளம்.

இரண்டாம் பேட்டரி கட்டாயம். மழையுறை, தூசு துடைக்கும் ஊதுபந்து, காதடைப்பான் ஆகியவையும் பையில் இருக்கட்டும். பந்தய இன்ஜின் சத்தம் காதுக்குக் கெடுதல், அதை அசட்டையாக விடக்கூடாது.

ஃபில்டரில் ஒன்றுதான் முக்கியம்: ஒளியைக் குறைக்கும் 3 ஸ்டாப் என்டி. நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 100, எஃப் 16 என்றால் ஷட்டர் 1/100 வரும். பேனிங்குக்கு 1/60 வேண்டுமானால் அபர்ச்சரை எஃப் 20 வரை மூட வேண்டும். அந்த அளவில் படம் மழுங்கும், சென்சாரில் இருக்கும் தூசெல்லாம் புள்ளியாகத் தெரியும். 3 ஸ்டாப் என்டி மாட்டினால் எஃப் 7.1-இலேயே முடியும். வாங்குமுன் லென்ஸின் ஃபில்டர் அளவைப் பாருங்கள். 150-600 வகைகளில் 95 மிமீ சாதாரணம். அதற்கு ஃபில்டர் விலை கூடும், கிடைப்பதும் அரிது. இதற்கு மேல் பாதுகாப்புக்கென்று மலிவான யுவி ஃபில்டரை மாட்டி வைக்காதீர்கள். நீள லென்ஸில் அது கூர்மையை நேராகவே கெடுக்கும்.

7. பழையது வாங்கினால் செய்ய வேண்டிய சோதனை

பழைய பொருள்தான் தொடங்குபவருக்கு லாபம். ஆனால் இந்த ஒழுங்கில் சோதித்த பிறகே காசைக் கொடுங்கள்.

லென்ஸின் உள்ளே கைப்பேசி டார்ச்சை அடித்து, மறுபக்கத்திலிருந்து பாருங்கள். சிலந்திவலை போலக் கிளைத்தால் பூஞ்சை, வேண்டாம். நாலைந்து தூசு பரவாயில்லை. அடுத்து அருகிலும் தூரத்திலும் மாற்றி மாற்றி இருபது தடவை ஃபோகஸ் செய்யுங்கள். கீச்சொலியோ தயக்கமோ இருந்தால் மோட்டார் தளர்ந்திருக்கிறது. ஸ்டெபிலைசரைப் போட்டுவிட்டு வியூஃபைண்டரில் பாருங்கள். காட்சி துள்ளக் கூடாது.

பிறகு மிக நீண்ட ஃபோகல் லென்த்தில், முழுதாகத் திறந்த அபர்ச்சரில், 1/1000 நொடியில், தூரத்தில் இருக்கும் பெயர்ப்பலகை ஒன்றை எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு பக்க எழுத்து மட்டும் கலங்கினால் உள்ளே கண்ணாடி நகர்ந்திருக்கிறது. பாடியில் ஷட்டர் எண்ணிக்கையைக் கேளுங்கள்; பர்ஸ்டில் (விடாமல் தொடர்ந்து சுடுவது) சுட்ட பாடிக்கு எண் வேகமாக ஏறியிருக்கும். கடைசியாக, பஃபர் நிறையும்வரை ஒரு தொடர் பர்ஸ்ட் சுட்டுப் பாருங்கள்.

முடிவுக்கு வர முடியவில்லை என்றால் ஒரு வார இறுதிக்கு வாடகைக்கு எடுங்கள். எடை ஒத்துவருமா என்பது அதில்தான் தெரியும்.

8. முதல் நாளுக்கான அமைப்புகள்

தொடர் ஃபோகஸ், அதாவது ஏஎஃப்-சி அல்லது ஏஐ சர்வோ. ஷட்டர் முன்னுரிமை முறை, ஆட்டோ ஐஎஸ்ஓ. குறுக்கே ஆள் வந்தாலும் ஃபோகஸ் தாவாதபடி ட்ராக்கிங் உணர்திறனை மந்தமான பக்கம் வையுங்கள்.

ஷட்டர் வேகத்துக்குக் காரணம் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. 65 செமீ விட்டமுள்ள சக்கரம் மணிக்கு 180 கிமீ வேகத்தில் நொடிக்கு ஏறக்குறைய 25 சுற்று சுற்றும். 1/2000 நொடியில் 4.5 டிகிரிதான் நகர்கிறது. கார் நிறுத்தி வைத்தது போலத் தெரியும். 1/250-இல் 36 டிகிரி. பத்துக் கம்பி உள்ள வீலில் ஒரு கம்பி அடுத்த கம்பியின் இடத்துக்கே வந்துவிடும். வேகம் கண்ணுக்குத் தெரியும். 90 கிமீ வேகத்தில் போகும் மெதுவான வளைவில் அதே தோற்றத்துக்கு 1/125 வேண்டும்.

ஆகவே பக்கவாட்டில் போகும் வண்டிக்கு முதல் அரை மணி நேரம் 1/500, கைபழகியதும் 1/250, பிறகு 1/125 என்று இறங்குங்கள். நேரே எதிரில் வரும்போது சக்கரச் சுழற்சி தெரியாது என்பதால் 1/1000 வைக்கலாம். எடுத்த எடுப்பிலேயே 1/30-இல் தொடங்கினால் முந்நூறு படத்தில் ஒன்றுகூடத் தேறாது.

வேலிக்குப் பின்னால் நின்றால் ஹுட்டை (லென்ஸ் முன்னாலுள்ள வெயில் மறைப்பு) கழற்றி லென்ஸின் முகத்தை வலைக்கு மிக அருகே கொண்டுபோங்கள். அபர்ச்சரை முழுதாகத் திறங்கள். வெயில் விழும் வலை வெள்ளையாக மின்னிப் படத்தை வெளிறச் செய்யும். நிழல் விழும் பகுதியைத் தேடி நில்லுங்கள்.

9. ட்ராக்குக்கு முன் ஒத்திகை

சாலையோர நடைபாதை போதும். மணிக்கு 50 கிமீ வேகத்தில் 15 மீட்டர் தள்ளிப் போகும் காரைப் பின்தொடரக் கேமராவைத் திருப்ப வேண்டிய வேகமும், 180 கிமீ வேகத்தில் 60 மீட்டர் தள்ளிப் போகும் பந்தயக் காருக்கான வேகமும் ஏறக்குறைய ஒன்றே. இரண்டு மாலைப்பொழுதில் ஆளுக்கு இருநூறு வண்டி கிடைக்கும்.

வந்து படங்களைப் பிரித்துப் பாருங்கள். வண்டி கலங்கிப் பின்னணியும் கலங்கினால் கை ஓட்டம் சீராக இல்லை. பின்னணி கூர்மையாக இருந்து வண்டி மட்டும் கலங்கினால் வண்டியைவிட மெதுவாகத் திருப்புகிறீர்கள். இரண்டுமே பயிற்சியில் சரியாகும். புதுப்பொருள் வாங்கித் தீராது. வண்டிமேல் உள்ள எழுத்துகள் கிடைவாட்டில் தெளிவாகவும் மேல்-கீழாக இரட்டித்தும் வந்தால் ஸ்டெபிலைசர் மோட் 2-இல் இருக்கிறதா என்று பாருங்கள், அல்லது மோனோபாடை மாட்டுங்கள். நேரே வரும் வண்டிகளில் முதல் படம் கூர்மை, அடுத்தவை எல்லாம் கலங்கல் என்றால் ஃபோகஸ் ஒற்றை முறையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது சரியாக இருந்தும் இப்படியே வந்தால் மட்டும் லென்ஸின் மோட்டார்மேல் சந்தேகப்படுங்கள்.